உப்பில்லாத நோட்டு

தம்பி, அந்தக் கட்டைப்பையைக் காலால நகட்டாதிய. பைய, பைய. உள்ள கேன் இருக்கு. பதனியெல்லாம் இல்ல. மூத்திரம்.

எந்திரிக்காதிய, உக்காருங்க. மூடிய நல்லா இறுக்கியிருக்கேன், மேல ரெண்டு பாலித்தீன் கவர் வேற. பஸ்ஸுல வேற எடமும் கிடையாது பாத்துக்கிடுங்க. என்னுதுன்னு நெனைச்சிட்டியளோ? என்னுது இல்ல. என் வீட்டுக்காரியுது. என்னுது வேண்டாம்னுட்டாவ.

அதுதான் எனக்கு ஆற மாட்டேங்கு. பாளையங்கோட்டை போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும்லா, சொல்லுதேன், நீங்களே நியாயத்தச் சொல்லுங்க.

எம்பேரு வெயிலுமுத்து. தூத்துக்குடியில ஒரு உப்புக் கம்பெனி லேப்ல முப்பத்தி மூணு வருசம் இருந்தேன். அளத்துல வாருற உப்பு எவ்வளவு சுத்தம்னு சோதிச்சுக் கையெழுத்துப் போடுற வேலை. என் கையெழுத்து இல்லாம ஒரு மூட்டை கப்பல் ஏறாது. என் வார்த்தைய மறுத்து ஒருத்தன் பேசினது கிடையாது. அப்பேர்ப்பட்ட ஆளைப் பாத்து ஒரு டாக்டர் சொல்லுதாரு, "ஐயா, நீங்க சொல்றது ஒண்ணு, உங்க மூத்திரம் சொல்றது வேற ஒண்ணு"ன்னு. என் பொண்டாட்டிய பக்கத்துல வச்சிக்கிட்டுச் சொல்லுதாரு.

யாரு பேச்சுக்கு மரியாதை பாருங்க.

பொங்கல் கழிஞ்சு ஒரு மாசம் இருக்கும். பாளையங்கோட்டையில ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பேரு எதுக்கு, அங்கேருந்து தெருத்தெருவா வந்தாவ. அம்பத்தஞ்சு வயசுக்கு மேல உள்ள புருசன் பொண்டாட்டி, ஒருத்தருக்காவது பிரசர் இருக்கணும். எவ்வளவு உப்பு திங்காவ, அதைக் குறைச்சா பிரசர் குறையுதான்னு ஆராய்ச்சி. எனக்கு நூத்தி எழுபது இருந்துச்சு. அவளுக்குக் கொஞ்சம்தான். தண்ணி பிரியுற மாத்திரை ஒண்ணு தின்னுக்கிட்டு இருந்தா. நான்தான் சேந்தேன். உப்பைப் பத்தி ஆராய்ச்சி, உப்புக்காரன் இல்லாமலா? அவளையும் சேத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தது ஜெரால்டின்னு ஒரு பொண்ணு. மணப்பாட்டுக்காரி. இருபத்தஞ்சு வயசு இருக்கும். பெரிய பையைத் தொறந்து கப்பு, கரண்டி, கிண்ணம்னு எங்க வீட்டுல உள்ளதை விட அதிகமா எடுத்து வச்சா. படம் போட்ட ஒரு புத்தகம் வேற. ஒரு பக்கம் பூரா இட்லி. சின்னதுலேருந்து பெருசு வரைக்கும் ஆறு இட்லி.

"உங்க வீட்டு இட்லி இதுல எது மாதிரி இருக்கும் அங்கிள்?"

நான் முதல் இட்லியைக் காட்டினேன். என் வீட்டுக்காரி, செந்தூர்க்கனி அவ பேரு, அடுக்களையிலேருந்து எட்டிப் பாத்து, "எங்க வீட்டு இட்லி இதுல எதுலயும் அடங்காது பாப்பா"ன்னு உள்ளங்கைய விரிச்சுக் காட்டினா. அந்தப் பொண்ணு சிரிச்சிக்கிட்டே ரெண்டையும் எழுதிக்கிட்டா. அப்பவே நான் உசாராகியிருக்கணும்.

ஆளுக்கு ஒரு நோட்டு குடுத்தாவ. நாப்பத்திரெண்டு நாள். காலை, மதியம், ராத்திரி, இடையில திங்கது, எல்லாம் எழுதணும். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு நாளைக்கு இவ்வளவு உப்புதான்னு ஒரு சின்னக் கரண்டியும் குடுத்தாவ. கனி என்ன பண்ணினா, அந்தக் கரண்டியிலயும் பாதிதான் போட்டா. "உங்களுக்கு நூத்தி எழுபது இருக்கு. எனக்குன்னு தனிப் பானை வைக்கத் தெம்பில்ல. உங்களுக்கு எப்படியோ அப்படியே எனக்கும்"னா. நான் அவளை அப்படிச் செய்யச் சொல்லல. இதைக் குறிச்சு வச்சிக்கிடுங்க. நான் சொல்லல.

தம்பி, பொறந்ததுலேருந்து உப்பு ஊர்ல இருந்துட்டு உப்பில்லாத ரசத்த வாயில வச்சுப் பாருங்க. பல்லு விளக்குன தண்ணிய முழுங்குன மாதிரி இருக்கும். கத்திரிக்காய்க் கூட்டு, துணி துவைச்ச மாதிரி ஒரு நிறம், அதே ருசி. ரெண்டு நாள் தாங்கினேன். மூணாம் நாள் வாக்கிங் போனேன்.

நடக்கச் சொல்லியிருந்தாவல்லா. பதினோரு மணிக்கு நடந்தேன். பழைய துறைமுகத்துப் பக்கம் கிரேஸக்கா மெஸ் இருக்கு, அங்ஙன போயி நடை நின்னுட்டு. கருவாட்டுக் குழம்பு, கணவாய்த் தொக்கு, நெய்மீன் வறுவல், அப்பளம், மாங்கா ஊறுகா. கிரேஸக்கா உப்புப் போட்டா அதுல ஒரு நேர்மை இருக்கும். தின்னுட்டு வீட்டுக்கு வந்து ஒரு மணிக்கு மறுபடி தட்டு முன்னால உக்காருவேன். ரெண்டு வாய். "பசிக்கல கனி"ன்னு எந்திரிச்சிருவேன். அவ என் மிச்சத்தையும் சேத்துத் தின்னுட்டு ஏனத்தக் கழுவுவா.

நோட்டுலயா? நோட்டுல "மோர்ச்சோறு அரைக் கப்பு, வெள்ளரிக்காய்"னு எழுதுவேன்.

பொய்தானேங்கிற மாதிரிப் பாக்கிய. இல்ல தம்பி. எங்க லேப்ல சாம்பிள் எடுக்க உப்பு அம்பாரத்துக்குப் போனா, வெள்ளையா இருக்கிற பக்கமாப் பாத்துத்தான் கைய விடுவோம். அடியில சேறு இருக்கும், பாசி இருக்கும், அதையா எடுப்பாவ? மேல எடுத்ததும் அந்த அம்பாரத்து உப்புதானே? அதே மாதிரிதான். வெள்ளரிக்காய்னு எழுதினேன்னா வெள்ளரிக்காய் தின்னேன். மெஸ்ல மீனுக்கு ஓரத்துல ரெண்டு வில்லை வைப்பாவ. மோரும் உண்டு, கடைசியில. இல்லாத ஒண்ணை நான் எழுதல. இருந்ததுல நல்லதை எழுதினேன். கருவாடுன்னு எழுதினா அந்தப் பொண்ணு படிக்கும், டாக்டர் படிப்பாரு, நாளைக்குப் புஸ்தகத்துல வரும். ஒரு கௌரவம் வேண்டாமா?

இன்னொண்ணு, தினம் தினம் உக்காந்து எழுத நமக்கு எங்க நேரம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரே மூச்சுல ஏழு நாளையும் எழுதிருவேன். ஞாயித்துக்கிழமை ஜெரால்டின் வந்து நோட்டைப் பொரட்டுவா.

"ஏழு நாளும் ஒரே மாதிரி இருக்கே அங்கிள்."

"ஒழுக்கம்னு ஒண்ணு இருக்குல்லாம்மா"ன்னேன்.

"இடையில டீ, வடை, மிக்சர், அப்படி ஏதாவது?"

"எங்க வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாது"ன்னேன், கொஞ்சம் விறைப்பாவே. சின்னப் பொண்ணு, தலையக் குனிஞ்சு எழுதிக்கிட்டா. ஆனா விட மாட்டா. கொக்கி போட்டுக் கொக்கி போட்டுக் கேப்பா. எண்ணெய் எந்தக் கரண்டியில ஊத்துனிய, ஊறுகா நக்குனியளா, மோர்ல உப்புக் கல்லு போட்டியளா. போலீஸ்காரன் கூட அப்படிக் கேக்க மாட்டான்.

என்னது, காராச்சேவா? வேண்டாம் தம்பி, நான் வெளிச் சாமான் தொடுறதே இல்ல. நீங்க தின்னுங்க. சரி, நீட்டிட்டிய, கொஞ்சம்போலக் குடுங்க. உங்க மனசு வருத்தப்படக் கூடாது.

எங்க விட்டேன்? கேன். நாலாவது வாரம் ஆளுக்கு ஒரு அஞ்சு லிட்டர் கேனைக் குடுத்தா. ஞாயித்துக்கிழமை காலையிலேருந்து திங்கக்கிழமை காலை வரைக்கும் ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது, எல்லாம் கேனுக்குள்ள. அன்னைக்குப் பாத்து என் கூட வேலை பாத்த சிதம்பரவேலு மகனுக்குக் கல்யாணம். கனி வரல. அவ கேனோட வீட்டுலயே இருந்துக்கிட்டா. நான் போகாம இருக்க முடியுமா? ஜவுளிக்கடைப் பையில கேனை வச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். மண்டப வாசல்ல செருப்பைக் கழத்தக் குனிஞ்சேன், வரவேற்புக்கு நின்ன பொண்ணு, "குடுங்க மாமா"ன்னு பையை வாங்கிட்டுப் போயிட்டா. நிமிந்து பாத்தா மேடையில அன்பளிப்பு அடுக்கியிருக்காவல்லா, குத்துவிளக்கு, மிக்சி, சுவர்க்கடிகாரம், அதுக்கு நடுவுல என் கேன். ஒண்ணரை லிட்டர் இருந்துச்சு அப்ப. போட்டோக்காரன் வேற சுத்திச் சுத்தி எடுக்கான். நான் மேடையேறி, மாப்பிள்ளை கையக் குலுக்கி, போட்டோவுக்கு நின்னு, போற போக்குல பையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டேன். பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு மாதிரிப் பாத்தாவ. குடுத்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போறானேன்னு நெனைச்சிருப்பாவ. நெனைச்சா நெனைச்சிட்டுப் போறாவ.

பந்தியிலயும் உக்காந்தேன். கல்யாணச் சாப்பாடு. உங்களுக்குத் தெரியும்.

திங்கக்கிழமை ரெண்டு கேனையும் ஜெரால்டின் வாங்கிட்டுப் போனா. சக்கரை கிக்கரை பாப்பாவன்னுதான் நெனைச்சேன். உப்பை உப்புல சோதிச்சுத்தான் எனக்குப் பழக்கம். மனுசனுக்குள்ள போனதை வெளிய பிடிச்சு எடை போடுவாவன்னு யாரு கண்டா.

அடுத்த வாரம் வியாழக்கிழமை கனி விழுந்துட்டா.

பங்குனி வெயில். அடுக்களையில நின்னுக்கிட்டு இருந்தவ அப்படியே சரிஞ்சு, கிரைண்டர் மேடை விளிம்புல நெத்தி அடிச்சிட்டு. பக்கத்து வீட்டு ரூபாவதி சத்தம் கேட்டு வந்து பாத்திருக்கா. நான் வாக்கிங் போயிருந்தேன். போன் வந்துச்சு, போனேன். உள்ளூர் ஆஸ்பத்திரியில நாலு தையல். தையல் பெருசில்ல. பேச்சு குழறுது. மக பேரு என்னன்னு டாக்டர் கேக்காரு, இவ முழிக்கா. என்னைக் காட்டி இது யாருன்னு கேட்டதுக்கு, "உப்புக் கம்பெனியிலேருந்து வந்திருக்காவ"ங்கா.

இரத்தத்த எடுத்துப் பாத்துட்டு அந்த டாக்டர் சொன்னாரு: "உடம்புல உப்புச் சத்து ரொம்ப இறங்கிருச்சு. தண்ணி பிரியுற மாத்திரையும் சாப்பிட்டுக்கிட்டு உப்பையும் இப்படிக் குறைச்சா இந்த வெயிலுக்கு என்ன ஆகும்?"

தூத்துக்குடியில உப்பு இல்லாம ஒருத்தி விழுந்துட்டா. என் பொண்டாட்டி. மூணு நாள் உப்புத் தண்ணிய நரம்பு வழியா ஏத்தினாவ. நான் பக்கத்துலயே உக்காந்து சொட்டு விழுறதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். மூணாம் நாள் காலையில கண்ணைத் தொறந்து, "நீங்க சாப்பிட்டியளா?"ன்னா. அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

மூச்சு வந்ததும் கோவம் வந்துச்சு. வராதா? நேராப் பாளையங்கோட்டை போனேன். ஆராய்ச்சிக்குத் தலைவர் டாக்டர் மதுசூதனன்னு ஒருத்தர். மெலிஞ்ச ஆளு, சத்தமே வராது. அவரு ரூம்ல நின்னு சத்தம் போட்டேன். "உங்க ஆராய்ச்சியில என் பொண்டாட்டி செத்திருப்பா. உங்க பேச்சைக் கேட்டு ரெண்டு பேரும் ஒரே பானையில உப்பில்லாமத் தின்னோம். நான் இதைச் சும்மா விட மாட்டேன். கலெக்டர் வரைக்கும் போவேன்." எழுதியும் குடுத்தேன், ரெண்டு பக்கம், அழகான கையெழுத்துல.

அவரு முழுக்கக் கேட்டாரு. "நீங்க சொல்றது ரொம்ப முக்கியமான விசயம் ஐயா. கட்டாயம் விசாரிக்கணும்"னாரு. எனக்கு மனசு குளுந்துட்டு. அப்புறம் ஒண்ணு கேட்டாரு. "ரெண்டு பேரும் ஒரே சாப்பாடுன்னா, உங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

"நம்ம உடம்பு அப்படி"ன்னேன்.

ஒரு வாரம் கழிச்சு ரெண்டு பேரையும் வரச் சொன்னாவ. மன்னிப்புக் கேப்பாவன்னு புது வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன். கனி நெத்தியில பிளாஸ்திரியோட வந்தா. டாக்டர், ஜெரால்டின், நாங்க ரெண்டு பேரு. டாக்டர் முதல்ல கனிகிட்டத்தான் பேசினாரு. "அந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு உப்பைக் குறைக்கச் சொன்னா இரத்தத்தையும் பாத்துக்கிட்டே இருந்திருக்கணும்மா. அது எங்க தப்பு. நாலாவது வாரக் கேனை அன்னைக்கே பாத்திருந்தாக்கூட இது நடந்திருக்காது"ன்னாரு. நான் நிமிந்து உக்காந்தேன். அப்புறம் ரெண்டு தாளை மேசை மேல வச்சாரு.

"அம்மா கேன்ல ஒரு நாளைக்கு மூணு கிராம் உப்பு. ஐயா கேன்ல பதினேழு."

நான் சொன்னேன், "அன்னைக்கு ஒரு கல்யாணம் டாக்டர். ஒரு நாள், ஒரு பந்தி. அதை வச்சு ஒரு மனுசன மதிப்புப் போடக் கூடாது."

ஜெரால்டின் நோட்டைப் பொரட்டினா. "அன்னைக்கு மோர்ச்சோறுன்னு எழுதியிருக்கிய அங்கிள்."

பாருங்க தம்பி, வயசுக்கு ஒரு மரியாதை இருக்கா?

சாம்பிள் சங்கதியை எடுத்துச் சொன்னேன். அம்பாரம், வெள்ளைப் பக்கம், எல்லாம். டாக்டர் பொறுமையாக் கேட்டுட்டு, "இதுல வெள்ளைப் பக்கம் கிடையாது ஐயா. ஒரு நாள் முழுக்க மொத்தமாப் பிடிச்சது"ன்னாரு. எடையும் பாத்திருக்காவ. கனி ஒரு மாசத்துல நாலு கிலோ இறங்கியிருக்கா. நான் ரெண்டரை ஏறியிருக்கேன்.

அதோட விட்டிருந்தா நான் சமாளிச்சிருப்பேன். அவரு கனியோட நோட்டை எடுத்தாரு. "அம்மா எழுதினது எல்லாம் கேனோட அப்படியே ஒத்துப்போகுது. ஒரு வாய் சீனி தின்னதைக்கூட எழுதியிருக்காங்க"ன்னுட்டு, "சாப்பாட்டைத் தவிர வேற ஒண்ணும் எழுத வேண்டாம்னு சொல்லியிருந்தோம். ஆனா இது எல்லா நாளும் இருக்கு"ன்னு ஒரு வரியைப் படிச்சாரு.

"இன்னைக்கும் அவிய சரியாச் சாப்பிடல. ரெண்டு வாய்தான். இளைச்சுப் போயிருவாவளோன்னு பயமா இருக்கு."

நான் கனியப் பாக்கல. ஜெரால்டினைத்தான் பாத்தேன். எல்லாம் அவ கொண்டாந்த கேனாலதானே.

முடிவு என்னன்னா, கனி இனிமே உப்பைக் குறைக்கக் கூடாது, மாத்திரைய மாத்தணும், ஆராய்ச்சியில தொடரலாம், அவிய மாதிரி ஆளு கிடைக்கது கஷ்டம். "ஐயாவோட விவரத்தை நாங்க சேத்துக்க முடியாது. தப்பா நினைக்காதீங்க"ன்னு என் நோட்டை என் கையிலயே குடுத்துட்டாரு. முப்பத்தி மூணு வருசம் கையெழுத்துப் போட்ட கை தம்பி. அதுல வச்சாரு.

திரும்பி வாற பஸ்ஸுல கனி சன்னல் பக்கம் உக்காந்தா. வல்லநாடு வந்துச்சு, வாகைக்குளம் வந்துச்சு. சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன். பஸ்ஸ விட்டு இறங்கினதும் கடையில நின்னு அப்பளம் வாங்கினா, கல்லுப்பு வாங்கினா. வீட்டுக்கு வந்து, "அந்த நோட்டைத் தாங்க"ன்னா. குடுத்தேன்.

மறுநாள் காலையில தட்டுல ரெண்டு இட்லி. பொத்தான் அளவு. நான் ஜெரால்டினோட புத்தகத்துல காட்டினேன்லா முதல் இட்லி, அதே அளவு. எங்கேயோ போயி அதுக்குன்னு தட்டு வாங்கியிருக்கா. உப்பில்லாத சட்னி ஒரு கரண்டி. எதிர்ல அவ தட்டுல உள்ளங்கை அகலத்துக்கு மூணு இட்லி, நேத்து வச்ச மீன் குழம்பு.

"என்னட்டி இது?"

"நீங்க எழுதினதுதான். முதல் நாள், காலை."

மதியம் மோர்ச்சோறு அரைக் கப்பு. கப்புல அளந்து, மேல கத்தியால வழிச்சுவிட்டு. வெள்ளரிக்காய் ரெண்டு வில்லை. ராத்திரி ஒரு கோதுமை தோசை. மறுநாள் ரெண்டாம் நாள். நோட்டை அடுப்புக்கு மேல ஆணியில மாட்டிட்டா, காலண்டர் மாதிரி.

"நாப்பத்திரெண்டு நாளுக்குமா?"ன்னேன்.

"எழுதினதைத்தானே சமைக்கேன். எழுதாததைத் திங்கணும்னா வெளிய போய்த் தின்னுங்க. நான் கேக்க மாட்டேன்."

மெஸ்ஸுக்குப் போயிருக்கலாம். அவதான் போகச் சொல்லிட்டாளே. போகல. வெயில் ரொம்ப அதிகமா இருந்துச்சு தம்பி, அதான் வாக்கிங்கே போகல. வேற காரணம் ஒண்ணும் இல்ல.

இருபது நாள்ல வேட்டி இடுப்புல நிக்கல. பிரசர் நூத்தி நாப்பதுக்கு வந்துட்டு. ஜெரால்டின் கனியப் பாக்க வந்தவ எனக்கும் பாத்துட்டு, "ரொம்ப நல்லா இருக்கு அங்கிள். என்ன சாப்பிடுறிய?"ன்னா. "நோட்டுல இருக்கு, படிச்சுக்க"ன்னேன். அந்தப் பொண்ணுக்குச் சிரிப்பு தாங்கல. கனியும் சிரிச்சா. வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு, ஆனா எனக்கு அது பிடிக்கல.

இன்னும் ரெண்டு குடுங்க தம்பி. நல்லாத்தான் இருக்கு, எந்தக் கடையில வாங்கினிய?

இப்படியே முப்பது நாள் ஓடிட்டு. முப்பத்தி ஒண்ணாம் நாள் மதியம் உக்காந்தேன். தட்டு காலியா இருக்கு. தண்ணி மட்டும் வச்சிருக்கா.

"சோறு?"

நோட்டை ஆணியிலேருந்து எடுத்துக் கொண்டாந்து காட்டினா. பக்கம் வெறுமையா இருந்துச்சு. ஒரு எழுத்து இல்ல. அவ விழுந்த வியாழக்கிழமை. எல்லா நாளையும் சனிக்கிழமை உக்காந்து எழுதினவன், அந்த ஒரு பக்கத்துல மட்டும் பேனாவை வைக்க முடியாம விட்டிருந்தேன்.

"அன்னைக்கு என்ன சாப்பிட்டிய?"ன்னா. கோவமாக் கேக்கல. தெரிஞ்சிக்கிடணும்னு கேக்கா.

வெள்ளரிக்காய்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. அவ நெத்தியில தையல் போட்ட எடம் வெள்ளையாக் கோடு மாதிரித் தெரியுது. எனக்கு என்ன ஆச்சோ.

"நெய்மீன் வறுவல்"னேன்.

"எத்தனை துண்டு?"

"மூணு."

"போன் எப்ப வந்துச்சு?"

உங்ககிட்ட முன்னால சொல்லும்போது போன் வந்துச்சு, போனேன்னு சொன்னேன். அது சரிதான். ஆனா நடுவுல கொஞ்சம் இருக்கு.

"ரெண்டாவது துண்டுல வந்துச்சு. ரூபாவதி பேரைப் பாத்தேன். சிலிண்டர்க்காரன் வந்திருப்பான்னு நெனைச்சேன். கையெல்லாம் மசால். போனைக் கவுத்து வச்சேன். மறுபடி அடிச்சுது. நாலு தடவை அடிச்சுது. மூணாவது துண்டையும் தின்னுட்டு, மோர் ஊத்தித் தின்னுட்டு, கை கழுவிட்டுத்தான் எடுத்தேன்."

"அப்ப மணி?"

"பன்னெண்டு இருபது."

அவ விழுந்தது பதினொண்ணே முக்கால். அது அவளுக்கும் தெரியும்.

உக்காந்து பேனாவை எடுத்தா. ஜெரால்டின் சொல்லிக் குடுத்த மாதிரி கட்டம் கட்டமா எழுதினா. நெய்மீன் வறுவல், மூணு துண்டு. சோறு. கருவாட்டுக் குழம்பு. மோர். எழுதிட்டு, "போன்: நாலு"ன்னு கீழ எழுதினா. அதுக்குக் கட்டம் கிடையாது, ஓரத்துல எழுதினா. எந்திரிச்சு அவ தட்டையும் கவுத்து வச்சிட்டு உள்ள போயிட்டா. அன்னைக்கு ரெண்டு பேரும் தின்னல.

நாப்பத்திரெண்டு நாள்னு ஆரம்பிச்சவ முப்பத்தி ஒண்ணோட நிறுத்திட்டா. இப்ப வீட்டுல ஒரே பானைதான். டாக்டர் சொன்ன அளவு உப்பு, அவளுக்கும் கெடுதலில்ல, எனக்கும் கெடுதலில்ல. ஆராய்ச்சிக்காரங்க வரச்சொல்லும்போது அவ சாம்பிளைக் கொண்டுபோய்க் குடுக்கது என் வேலை. ஏன் நிறுத்தினான்னு கேட்டா, மறுநாள் நடந்ததைச் சொல்லணும்.

மறுநாள் காலையில அவளே துறைமுகத்துக்குப் போயி நெய்மீன் வாங்கிட்டு வந்தா. எனக்குத் தெரியாது. மதியம் உக்காந்தா, சோறு, கருவாட்டுக் குழம்பு, மூணு துண்டு நெய்மீன் வறுவல். எண்ணெய் இன்னும் பொரியுது. ஓரத்துல மோர்.

"எழுதியிருக்குல்லா"ன்னா. "சாப்பிடுங்க."

எதிர்லயே உக்காந்துக்கிட்டா. முப்பது நாள் கழிச்சு உப்பு தம்பி. நாக்குல பட்டதும் உடம்பே ஆடுச்சு. ஒரு துண்டு தின்னேன். ரெண்டாவதைத் தின்னேன். மூணாவதைக் கையில எடுத்தேன், வாய்க்குப் போகல. பிட்டேன், வச்சேன். மறுபடி எடுத்தேன். கண்ணு ரெண்டும் நெறைஞ்சு சோத்துல சொட்டுது. அவ பாக்கா.

"முள்ளு குத்திட்டு"ன்னேன்.

நெய்மீன் துண்டுல நடுமுள்ளு ஒண்ணுதான், அதுவும் கட்டை விரல் தடிமன். தொண்டையில குத்துற மீனே இல்ல அது. தூத்துக்குடியில பச்சைப் பிள்ளையக் கேட்டாலும் சொல்லும்.

அவ கைய நீட்டி என் தட்டுலேருந்து அந்தத் துண்டை எடுத்தா. நடுமுள்ளை உருவித் தன் பக்கம் வச்சிட்டு, சதையைப் பிச்சுப் பிச்சு என் சோத்து மேல வச்சா.